12 வீட்டு அப்பார்ட்மென்ட்: தண்ணீருக்கு நாமே வழி பார்ப்பதா, ஊராட்சிக் குழாய்க்குக் காத்திருப்பதா?

ஏரிக்கரைத் தெரு (கேள்வி)

வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே, ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற 12 வீட்டுக் குடியிருப்பு. மொத்தம் 48 பேர். மொட்டை மாடி 2,000 சதுர அடி, நான்கு மூலையிலும் 4 அங்குல பைப் இறங்குகிறது. நான்கும் மழைத்தண்ணீரைத் தெருவில்தான் கொட்டுகின்றன. 20,000 லிட்டர் சம்ப் ஒன்று இருக்கிறது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதில்தான் விழும். போர் 280 அடி, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு மி.கி.) 1,200. பிப்ரவரி தாண்டினால் மோட்டார் அரை மணி நேரத்தில் காற்று தள்ள ஆரம்பித்துவிடும். அதன்பிறகு மழை பிடிக்கும்வரை 12,000 லிட்டர் தனியார் லாரிதான். குடிக்கக் கேன்.

அசோசியேஷனில் இரண்டு பக்கம் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம்: "அரசாங்கத்தை நம்பி உட்கார்ந்தால் காலம்தான் போகும். 600 அடிக்கு இன்னொரு போர், கூடவே மழைநீர் சேகரிப்பு. முடிந்தது, யார் தயவும் வேண்டாம்." இன்னொரு பக்கம்: "வரி கட்டுகிறோம், குழாய் போட்டுத் தண்ணீர் தருவது அவர்கள் கடமை. நம் கைக்காசை எதற்குப் புதைக்க வேண்டும்?"

அடுத்த மாதம் பொதுக்குழு. மூன்று விஷயம் தெரிய வேண்டும். மழைநீர் உண்மையிலேயே எவ்வளவு தாங்கும்? 600 அடி போர் போடலாமா? ஊராட்சியிடம் எதை, எப்படிக் கேட்பது?

---

கணக்கர்

முதலில் கணக்கைப் போடுங்கள், பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

நகரத்து வீட்டுக்கு அரசு வைத்திருக்கும் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 48 பேருக்கு 6,480 லிட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 23 லட்சத்து 65 ஆயிரம்.

இனி மழை. 2,000 சதுர அடி என்பது 186 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னைப் பக்கம் ஆண்டு சராசரி 1,400 மி.மீ. அளவுக்கு வருகிறது. ஆவியாவது, சிதறுவது, முதல் தண்ணீரை வெளியே விடுவது எல்லாம் போக 80 விழுக்காடு கைக்கு வரும் என்று வையுங்கள். 186 × 1,400 × 0.8 = 2 லட்சத்து 8 ஆயிரம் லிட்டர். உங்கள் தேவையில் 9 விழுக்காடு, அதாவது 32 நாள் தண்ணீர். "மழைநீரைச் சேர்த்தால் யார் தயவும் வேண்டாம்" என்பது தனி வீட்டுக்காரர் ஓரளவு சொல்லலாம். மூன்று மாடி ஏறிய கட்டடத்தில் ஒரு கூரையின் கீழ் 12 குடும்பம்; அங்கே அந்தப் பேச்சு செல்லாது.

ஆனால் இதே 2 லட்சம் லிட்டரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கிப் பாருங்கள். ஆளுக்கு 6 லிட்டர் என்றால் நாளைக்கு 300 லிட்டருக்குள் அடங்கும். ஆண்டுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். கூரையில் விழுவதில் பாதி போதும்! கேன் தண்ணீரையும், ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் ஆர்.ஓ. மெஷினையும் இது ஒன்றே நிறுத்திவிடும்.

சிக்கல் தேக்கி வைப்பதில்தான். ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரி முதல் மே வரை நம்பி இருக்க முடியாது. அந்த 150 நாளுக்கு நாள் 300 லிட்டர் என்றால் 45,000 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 25,000 லிட்டருக்கு ஒரு புதுத் தொட்டி கட்டினால் மார்ச் நான்காம் வாரம் வரை வரும். கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே 12 அடி நீளம், 10 அடி அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் ஏழரை அடி: கொள்ளளவு 25,000 தாண்டும். மேலே கார் ஏறும் என்பதை ஸ்லாப் போடுகிறவரிடம் கம்பி கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இருக்கிற சம்பின் நடுவில் சுவர் எழுப்பிப் பாதியை மழைநீருக்கு ஒதுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பழைய கான்கிரீட்டும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் கசியும். 1,200 டி.டி.எஸ். தண்ணீர் நல்ல தண்ணீரில் கலப்பது ருசி மாறும்வரை யாருக்கும் தெரியாது.

---

உறை மேஸ்திரி

கணக்கர் சொன்ன கொள்ளளவு சரி. கட்டும்போது எங்கே தப்பு நடக்கும் என்று சொல்கிறேன்.

நான்கு பைப்புக்கும் தலா 46 ச.மீ. மாடி வருகிறது. மணிக்கு 75 மி.மீ. மழையில் 4 அங்குல பைப் 57 ச.மீ. வரை தாங்கும், 100 மி.மீ. மழையில் 43. ஆகவே உங்கள் பைப் போதும். பேய்மழையில் மாடியில் கொஞ்ச நேரம் தண்ணீர் நிற்கும், பிறகு வடிந்துவிடும்.

முதல் தண்ணீர். மாடியில் தூசி, புறா எச்சம், காய்ந்த இலை எல்லாம் முதல் 1 மி.மீ. மழையில் இறங்கிவிடும். ஒரு பைப்புக்கு அது 46 லிட்டர். 6 அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்கு 17.7 லிட்டர் பிடிக்கும், ஆக 2.6 மீட்டர், எட்டரை அடி. இறங்கும் பைப்பில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதிலிருந்து இந்த 6 அங்குலத் துண்டைச் செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். அடியில் திருகு வைத்த எண்ட் கேப், அதில் 3 மி.மீ. ஓட்டை. அந்தத் துண்டு நிரம்பிய பிறகுதான் தண்ணீர் டீயைத் தாண்டி ஃபில்டருக்குப் போகும். மழை விட்டபின் ஓட்டை வழியாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். இந்த ஓட்டை ஒரு மழையிலேயே சேறு பிடித்து அடையலாம். அடைந்தால் துண்டு நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். அதனால்தான் திருகு கேப். பசை போட்டு ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. கோடை முடிந்து வரும் முதல் இரண்டு மழைக்கு 1 மி.மீ. போதாது. முழுத் தண்ணீரையும் வெளியே திருப்ப ஒவ்வொரு பைப்பிலும் ஒரு வால்வு வையுங்கள்.

ஃபில்டர். கடையில் 200 லிட்டர் டிரம்மில் ஜல்லி, மணல், கரி நிரப்பிக் கொடுப்பார்கள். டிரம்மின் பரப்பு கால் சதுர மீட்டர். மணல் வழியே ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 5,000 லிட்டர் இறங்கும் என்று வைத்தாலும் டிரம்மில் 1,250 தான் இறங்கும். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் உங்கள் மாடியில் இருந்து 9,300 லிட்டர் வருகிறது. டிரம் பொங்கி வழியும். வழிவதைப் பார்த்து யாராவது மணலை எடுத்துவிடுவார்கள், பிறகு அது வெறும் டிரம்.

செங்கல் வைத்து 5 அடிக்கு 4 அடி தொட்டியாகக் கட்டுங்கள், 1.86 ச.மீ. கிடைக்கும், கணக்குச் சரியாக வரும். ஆழம் 4 அடி. அடியில் 40 மி.மீ. ஜல்லி 9 அங்குலம், மேலே சின்ன ஜல்லி 6 அங்குலம், அதன்மேல் நைலான் வலை, பிறகு பருமணல் ஒன்றரை அடி. மீதி ஒன்றேகால் அடி காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கும் இடம் அது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போட வேண்டியிருந்தால் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிப் போடுங்கள். அதில் இருக்கும் கல்மாவு அடியில் போய்ப் படிந்து இறுகிவிடும். வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, இரண்டு மழையில் தொட்டியில் மணல் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை ஆடி ஆவணியில் மேல் 2 அங்குல மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட்டால் போதும்.

நிரம்பி வழிவது. 25,000 லிட்டர் தொட்டி 170 மி.மீ. சொச்சம் மழையில் நிரம்பிவிடும். ஐப்பசி அடைமழையில் அது ஒரு வாரத்து வேலை. மீதியை உறைகிணற்றுக்கு விடுங்கள். 3 அடி விட்டம், 15 அடி ஆழம், 1 அடி உயர உறைகள் 15. ஒரு அடிக்கு 200 லிட்டர், மொத்தம் 3,000 லிட்டர் பிடிக்கும். உறைகளில் பக்கவாட்டில் ஓட்டை இருக்க வேண்டும், உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜல்லி நிரப்ப வேண்டும், அடி திறந்தே இருக்க வேண்டும். அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் அது இன்னொரு தொட்டிதான்.

2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு ஆணை போட்டபோது ஏகப்பட்ட இடங்களில் மூன்றடிக் குழி தோண்டி, உடைந்த செங்கல்லைப் போட்டு, பைப்பை அதில் சொருகிக் காட்டிவிட்டார்கள். அதிகாரி வந்து பார்க்கும் வரைக்கும்தான் அந்தக் குழிக்கு வேலை. உங்கள் கட்டடத்திலும் வாசல் பக்கம் ஒன்று இருக்கலாம், தோண்டிப் பாருங்கள்.

செப்டிக் டேங்கில் இருந்து 50 அடிக்குள் உறைகிணறு வேண்டவே வேண்டாம். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் உறைகிணற்றையே விட்டுவிடுங்கள். கழிவுநீர் ஊறும் மண்ணில் நல்ல தண்ணீரை விட்டு என்ன பயன்?

இடம் தேறினால், தோண்டும் முன் மண்ணைப் பாருங்கள். மூன்றடி ஆழத்தில் ஓரடிக்கு ஓரடி குழி, தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மறுபடி ஓரடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவும். ஒரு அங்குலத்துக்கும் குறைவு என்றால் களிமண். பெயரைப் பார்த்தால் நீங்கள் ஏரியை ஒட்டி இருக்கிறீர்கள், களியாக இருக்கத்தான் வாய்ப்பு. அப்போது உறைகிணற்றின் அடியில் இருந்து கைபோர் போட்டுக் களியைத் துளைத்துச் சரளை மண் வரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மார்கழி முழுக்க அங்கேயே நிற்கும், கொசு பிடிக்கும்.

---

நீரியல்

600 அடி போர் பற்றி.

உங்கள் பகுதிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பல்லாவரம் மலையில் தெரிகிற அதே சார்னோக்கைட் பாறை. அது கடற்பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பாறை இல்லை. தண்ணீர் விரிசல்களில் மட்டும் இருக்கும், ஆழம் போகப்போக விரிசல் குறையும், மேலே இருக்கும் எடையில் இறுகும். 280 அடியில் கிடைக்காதது 600 அடியில் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கிடைத்தாலும் அது பல காலமாக அங்கே நின்ற தண்ணீர், உப்பு கூடுதலாக இருக்கக்கூடும். 600 அடியில் இருந்து தூக்க மோட்டாரின் குதிரைத்திறனும் கரண்ட் செலவும் ஏறும்.

இருக்கிற போரை முதலில் பாருங்கள். காலையில் மோட்டார் போடும் முன் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எடை கட்டிய கயிறு விட்டு அளக்கவும். பிறகு மோட்டாரைப் போட்டு 200 லிட்டர் டிரம் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது, எப்போது காற்று வருகிறது, நிறுத்தியபின் பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது, இதெல்லாம் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை எழுதினால் ஓராண்டில் உங்கள் போரின் குணம் தெரிந்துவிடும். அரை மணியில் காற்று வருகிறது என்றால், ஊறுவதைவிட வேகமாக இழுக்கிறீர்கள். டைமர் போட்டு 15 நிமிடம் ஓட்டம், இரண்டு மணி நேரம் ஓய்வு என்று நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரே மூச்சில் எடுப்பதைவிடக் கூடுதலாகவே வரும், மோட்டாரும் எரியாது. கம்ப்ரசர் வைத்து ஃப்ளஷ் செய்தால் விரிசல் வாயில் அடைத்திருக்கும் சேறு வெளியேறும்.

மாடித் தண்ணீரை ஃபில்டர் இல்லாமல் போருக்குள் நேரே விடுவது பலர் செய்யும் தப்பு. நுண்ணிய சேறு விரிசலுக்குள் போய் அடைத்தால் எடுக்கவே முடியாது.

இன்னொன்றும் பொதுக்குழுவில் சொல்லுங்கள். 15 அடி உறைகிணற்றில் விடும் தண்ணீர் மேல்மட்ட மண்ணுக்குத்தான் போகிறது. உங்கள் போருக்கு மேல் 60, 80 அடிக்குக் கேசிங் (பக்கச்சுவரை அடைக்கும் பைப்) இறக்கியிருப்பார்கள், அந்த மேல்தண்ணீர் நேராக உள்ளே வராது. முதலில் பயன் அடைவது பக்கத்தில் திறந்த கிணறு வைத்திருப்பவர். தெருவில் முப்பது வீடும் விட்டால்தான் மட்டம் ஏறி, மெல்லக் கீழே இறங்கி உங்களுக்கும் வரும். தொட்டியில் பிடிப்பது உங்கள் தண்ணீர், மண்ணில் விடுவது தெருவுக்கே பொது. ஆகவே உறைகிணற்றை ஒரு கட்டடத்தின் தற்சார்பு என்று சொல்லி விற்காதீர்கள். தெரு சேர்ந்து செய்கிற வேலை அது.

ஆழப் போர் இதற்கு நேர் எதிர். நீங்கள் 600 போட்டால் பக்கத்துக் கட்டடம் 800 போடும். சட்டம் இன்றைக்கும் நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்ற 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் வழியில்தான் நிற்கிறது. பாறைக்குள் வேலி கிடையாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மேல் இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் வந்த சட்டத்தை 2013-இல் நீக்கிவிட்டார்கள். யாருக்கும் கட்டுப்பாடில்லாமல் ஆளாளுக்குத் துளைப்பதைத் தன் காலில் நிற்பது என்று என்னால் சொல்ல முடியாது. புதுப் போர் போடுவதாகவே முடிவானால், உங்கள் கிராமம் 1987 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அனுமதி வாங்கிய பிறகே வண்டியைக் கூப்பிடுங்கள்.

---

கிராமசபைக்காரர்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டடத்துக்குள் என்ன செய்வது என்றே பேச்சு போகிறது. 48 பேருக்கு ஒரு தொட்டி கட்டிவிடலாம். அதே தெருவின் கடைசியில் ஓட்டு வீட்டில் இருப்பவர் 25,000 லிட்டர் தொட்டிக்கு எங்கே போவார்? வசதி இருப்பவர்கள் லாரி, கேன், சொந்தத் தொட்டி என்று ஒதுங்கிவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் குரல் கொடுக்க ஆள் இருக்காது. குழாய் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். நீங்கள் ஊராட்சியில் இருப்பதால் 135 லிட்டர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரக வீட்டுக்கு அளவு தலைக்கு 55 லிட்டர். 48 பேருக்கு 2,640. குழாய் வந்து, அதில் சொன்ன அளவு முழுதாக வந்தாலும் உங்கள் 6,480-இல் 3,840 குறையும். "குழாய் வந்தால் எல்லாம் தீரும்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள். ஆனால் 2,640 என்பதும் சின்ன விஷயமில்லை. நாலைந்து நாளைக்கு ஒரு லாரி குறையும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுக்குமாடிக்காரர்கள் பெரும்பாலும் போவதே இல்லை. 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் குறைந்தது 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மனுவை இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் அது காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதச் சொல்லி, எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

"குடிநீர் வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டி எது, அதன் கொள்ளளவு என்ன, நாளைக்கு எத்தனை முறை ஏற்றுகிறீர்கள், பிரதான குழாய் எங்கே நிற்கிறது, எங்கள் தெருவுக்கு நீட்டிக்க மதிப்பீடு போட்டாயிற்றா? 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும் என்று கட்டி வைத்த பணம். குடிநீர்ப் பங்கில் மழைநீர் சேகரிப்பும் அடங்கும். அதில் உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கழிவுநீர் அதைவிட முக்கியம். 48 பேரின் கழிவு மூன்று வாரத்துக்கொரு முறையோ மாதத்துக்கொரு முறையோ லாரியில் போகிறது என்றால் அது எங்கே கொட்டப்படுகிறது? ஏரியில் கொட்டினால் அது நிலத்தடிக்கு வந்து உங்கள் போரில் ஏறும். எத்தனை லட்சம் போட்டாலும் ஒரு அப்பார்ட்மென்ட் தனியாகத் தீர்க்க முடியாத விஷயம் இது. பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பை எடுப்பது, லாரிக்காரருக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது, இந்த நான்குக்கும் அரசைத்தான் பிடிக்க வேண்டும், விடாமல் பிடிக்க வேண்டும்.

---

கணக்கர்

கிராமசபைக்காரர் சொல்வதில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் மாறுபாடு. கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சரி. ஆனால் அரசு தண்ணீரை உண்டாக்குவதில்லை. அதுவும் மழையையோ கடலையோதான் பார்த்து நிற்கிறது. 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு ரயிலுக்கு 25 லட்சம். இவருடைய ஒரே கட்டடத்தின் ஓராண்டுத் தேவை அது. குழாய் வந்த பகுதிகளிலும் அந்த மாதங்களில் குடத்தோடு லாரிக்கு நின்றார்கள். ஆகவே குழாய் வந்தபிறகும் தொட்டி தேவைப்படும். "ஊராட்சி முடிவு தெரியட்டும், பிறகு கட்டலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

---

கிராமசபைக்காரர்

தள்ளிப்போடச் சொல்லவில்லை. தொட்டி கட்டிய கையோடு கிராமசபைக்கும் வாருங்கள் என்கிறேன். தொட்டி கட்டியவர் கேட்கும்போது "நீங்கள் முதலில் மழைநீர் சேகரித்தீர்களா?" என்று திருப்பிக் கேட்க வழி இருக்காது.

---

ஏரிக்கரைத் தெரு

எல்லோருக்கும் நன்றி. செப்டிக் டேங்க் முன்பக்கம் இருக்கிறது. பின்பக்க மூலையில் 55 அடி இடைவெளி கிடைக்கிறது, உறைகிணறு அங்கே வரும். 600 அடி போரைக் கைவிடச் சொல்லிப் பேசப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். தொட்டியில் மாதக்கணக்கில் நிற்கிற மழைநீர் கெடாதா? அந்த 3,840 லிட்டர் பள்ளத்தை எதை வைத்து அடைப்பது?

---

உறை மேஸ்திரி

வெளிச்சமும் கொசுவும் உள்ளே போகாவிட்டால் கெடாது. மேன்ஹோல் மூடி இரும்பில், விளிம்போடு, இறுக்கமாக உட்கார வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். காற்றுப்போக்கிப் பைப்புக்கும் வழிந்தோடும் பைப்புக்கும் நைலான் வலை கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான். மூடி தரையைவிட அரை அடி உயரத்தில் இருக்கட்டும். தரைமட்டத்தில் வைத்தால் தெருவில் வெள்ளம் நிற்கும் ஆண்டில் சாக்கடை உள்ளே போகும். அப்படிப் போனால் முழுவதையும் இறைத்துக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் போட்ட பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், உங்கள் 25,000-க்கு 100 கிராம். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பாக்கெட் பிரித்து நாளாகிவிட்டால் அதில் குளோரின் இருக்காது. குளோரின் சோதனைக் கிட்டில் 0.2 மி.கி. காட்டினால் போதும். இந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. கொதிக்க வைத்தோ யு.வி. விளக்கு வழியாகவோ குடிக்கலாம்.

தொட்டியில் இருந்து குடிநீருக்குத் தனி மோட்டாரும் தனி பைப்பும் வேண்டும். கீழே ஒரு குழாய் வைத்து எல்லோரும் பிடித்துக்கொள்வது எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்றுவதாக இருந்தால் பழைய லைனோடு எங்கேயும் இணைக்காதீர்கள், வால்வு வைத்துக்கூட வேண்டாம்.

---

கணக்கர்

3,840-க்கு வழி பெரும்பாலும் செலவைக் குறைப்பதுதான். 135-இல் 45 லிட்டர் கழிவறை ஃப்ளஷ்ஷுக்கு என்று கணக்கு. 48 பேருக்கு 2,160. 10 லிட்டர் ஃப்ளஷ் டேங்கை 6/3 லிட்டர் இரட்டைப் பொத்தான் டேங்காக மாற்றினால் பாதிக்கு மேல் மிஞ்சும். டேங்கில் கொஞ்சம் கலர் பவுடர் போட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் கசிகிறது.

பன்னிரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் போடுங்கள். தண்ணீர்க் காசை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கும்வரை யாரும் குழாயை இறுக்க மாட்டார்கள். பழைய கட்டடத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு பைப் மாடியில் இருந்து இறங்கும். அத்தனைக்கும் தனி மீட்டர் வைக்க வேண்டி வரும். பிளம்பரிடம் மதிப்பீடு கேட்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை நடுவில் செலவு ஏறும்.

குளியல் தண்ணீரை ஃப்ளஷ்ஷுக்குத் திருப்புவது கட்டிமுடித்த கட்டடத்தில் பெரிய வேலை. ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் நாறும். அதை விட்டுவிட்டு, பின்பக்கம் கல்வாழைப் பாத்தி போட்டு அதற்கு விடலாம்.

---

நீரியல்

போர் தண்ணீரையும் ஒதுக்காதீர்கள். 1,200 டி.டி.எஸ். குளிக்க, துவைக்கப் போதும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கே 500 விரும்பத்தக்க அளவு, வேறு வழி இல்லாதபோது 2,000 வரை. மழைத் தொட்டி நிரம்பி வழியும் நாட்களில் வழிவதைப் பழைய சம்புக்கும் ஒரு கிளை விட்டால், 50 டி.டி.எஸ். தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்து 600 சொச்சத்துக்கு வரும். அந்த மாதங்களில் போருக்கும் ஓய்வு கிடைக்கும். கிளையில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம்.

---

உறை மேஸ்திரி

கடைசியாக ஒன்று. எந்த வேலை தொடங்கும் முன்னும் மாடியைப் பாருங்கள். தட்டோடு பதித்திருந்தால் நல்லது, விரிசலை அடைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கலாம். தார் ஷீட் ஒட்டியிருந்தாலோ வெயில் தடுப்பு பெயின்ட் அடித்திருந்தாலோ அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். அப்படியானால் குடிநீர்த் தொட்டித் திட்டத்தையே மாற்றி, முழுவதையும் ஃபில்டர் வழியாகப் பழைய சம்புக்கும் உறைகிணற்றுக்கும் விட வேண்டியிருக்கும். தொட்டி கான்கிரீட் காய்ந்து, தண்ணீர் நிரப்பி மூன்று நாள் கசிவு பார்க்க நேரம் வேண்டும், ஆகவே பொதுக்குழு முடிந்த வாரமே ஆளைப் பிடியுங்கள். புரட்டாசி பிறந்தபின் பள்ளம் தோண்டினால் மண் சரியும்.